சாம்பிராணிக்காக எழுதிய ஒரு வரி

எனக்கு அவசரம் கூடவே பிறந்தது. மீஞ்சூர் ஸ்டேஷனில் ரயில் நிற்கும் முன்பே கம்பியைப் பிடித்துவிடுவேன். யாராவது ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்தால் முடிவை நானே சொல்லிவிடுவேன். "கால்ல வெந்நீர ஊத்திக்கினு நிக்காத" என்று வீட்டில் சொல்லாத ஆளில்லை. ஆனால் வேலை செய்யும் இடத்தில் அதே அவசரத்துக்குச் சுறுசுறுப்பு என்று பெயர். "அந்தப் பொண்ணாண்ட கேளு, பத்து நிமிசத்துல சொல்லிடும்" என்பார்கள். கேட்கக் கேட்க எனக்குத் தலைக்கனம் ஏறியது. அப்படி ஒரு பத்து நிமிஷம் ஒரு மனிதரை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன். இதில் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை.

நான் வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில். பெயிண்டுக்குப் போகிற பிசின் தூளை அரைத்து மூட்டை கட்டி அனுப்புகிறோம். தூள் என்றால் நெருப்புக்கு ரொம்ப இஷ்டம். அதனால் ஒவ்வொரு கூடத்தின் கூரையிலும் புகையைக் கண்டுபிடிக்கும் சென்சார்கள் உண்டு. அவை சொல்வதைக் கேட்டுச் சைரன் அடிக்கவேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வது ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம். அதை எழுதியவர்கள் பலர், பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். சில வருஷங்களாக அதைப் பார்த்துக்கொள்வது நான்.

அந்தப் புரோகிராம் நூற்றுக்கணக்கான கோப்புகளாகக் கிடக்கும். எல்லாவற்றையும் 'கிட்' என்ற ஓர் ஏற்பாட்டுக்குள் வைத்திருக்கிறோம். யார் எந்த வரியை மாற்றினாலும் பழைய வரி அழியாது. எப்போது மாற்றியது, யார் மாற்றியது, எதற்காக என்று ஒரு சின்னக் குறிப்போடு எல்லாம் வரிசையாக உள்ளே இருக்கும். ஒரு சொல்லைக் கொடுத்துத் தேடச் சொன்னால், அது எந்தெந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று கண் மூடித் திறப்பதற்குள் கொட்டிவிடும். ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். அதை வைத்துக்கொண்டு நாங்கள் நடத்திய குடித்தனம்தான் சரியில்லை. ஆளுக்கொரு பெயரில் நுழையவேண்டிய இடத்தில் எல்லாரும் ஒரே பொது லாகினில் நுழைந்தோம். பாஸ்வேர்டை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தோம். குறிப்பு எழுதவேண்டிய இடத்தில் 'டெம்ப்' என்று போடுவோம், தற்காலிகமாம். 'ஃபைனல்' என்று ஒன்று இருக்கும், மறுநாளே 'ஃபைனல் ரெண்டு' என்று இன்னொன்று இருக்கும்.

சைரன் பேனலுக்கு முன்னால் உட்காருவது ஆபரேட்டரின் வேலை. பகல் ஷிஃப்டில் அங்கே இருந்தவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. ஊர் ஆரணிப் பக்கத்துக் கிராமம், பட்டுச்சேலை ஆரணி இல்லை, எங்கள் பக்கத்துச் சின்ன ஆரணி. பஸ் பிடித்துக் கவரைப்பேட்டை வந்து ரயில் ஏறுவார். அவருடைய அப்பா கழனிக்குக் கூலிக்குப் போனவர், குடும்பத்தில் முதன்முதலில் யூனிஃபார்ம் போட்டது இவர். கிறிஸ்தவர்தான், ஆனால் ஆயுத பூஜைக்குப் பேனலைத் துடைத்துச் சந்தனம் வைப்பது வருஷா வருஷம் அவர் வேலை. "சோறு போடுற மிசினு. இதுல இன்னா மேடம் உன் சாமி என் சாமி" என்பார். நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். புதிதாகச் சேர்ந்த நாளில் எந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்று தெரியாமல் விழித்தபோது, யாருக்கும் தெரியாமல் என் பக்கம் ஒரு துண்டுச் சீட்டை நகர்த்தியவர் அவர்.

பேக்கிங் கூடத்தில் மூட்டை தைக்கும் பெண்களுக்குத் தலைவி மாதிரி ஓர் அக்கா உண்டு. அவளும் அவர் ஊர்தான், இரண்டு வீடு தள்ளி. வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே ரயிலில் ஏறி, வழி முழுக்க ஊர்ப் பஞ்சாயத்தைப் பேசித் தீர்ப்பார்கள்.

ஆவணியில் ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரம். பேக்கிங் கூடத்தில் கன்வேயர் பெல்ட் ஒன்று சிக்கிக்கொண்டு, மோட்டார் சூட்டில் பொசுங்க ஆரம்பித்தது. அக்கா சாப்பிட்டுவிட்டு மூட்டை அடுக்குக்குப் பின்னால் காலை நீட்டிப் படுத்திருந்தாள். சைரன் அடித்திருந்தால் எழுந்து ஓடியிருப்பாள். சைரன் அடிக்கவில்லை. வெளியே தண்ணீர் குடிக்க வந்த ஒருத்தி கதவிடுக்கில் புகையைப் பார்த்துக் கத்தியபிறகுதான் மெயினை அணைத்தார்கள், உள்ளே ஓடினார்கள். அக்காவைத் தூக்கிக்கொண்டு வரும்போது அவளுடைய கை தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தாள். குரல் மட்டும் கரகரவென்று ஆகிவிட்டது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

சைரன் ஏன் அடிக்கவில்லை என்ற கேள்வி வந்தது. பேனலில் 'சைலன்ஸ்' என்று ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு, அமுக்கினால் சைரன் நின்றுவிடும். அரவைக் கூடத்துத் தூசிக்கே அடிக்கடி சைரன் அடிக்கும் என்பதால், அதைப் பார்க்காமலே அமுக்குவது ஆபரேட்டர்களுக்குக் கைப்பழக்கம். அண்ணன் முன்பு ஒரு தடவை அப்படி அமுக்கி மெமோ வாங்கியிருந்தார். அன்றைக்கு மத்தியானம் அவர் பேனலுக்கு முன்னால் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது உண்மை. மெயினை அணைத்ததில் அன்றைய பதிவுகள் எல்லாம் போய்விட்டன. மற்றவர்கள் கேன்டீனில் இருந்தார்கள், அடித்த நொடியே அமுக்கியிருந்தால் அங்கே கேட்டிருக்காது. ஆகவே சாட்சி என்று இருந்தது இரண்டுதான். ஒன்று அவர் வாய். "சைரனே அடிக்கல சார். அடிச்சாத்தானே அமுக்குறதுக்கு" என்று அவர் சொன்னார். இன்னொன்று புரோகிராம்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "அந்த சென்சார் புரோகிராம்ல ஆன்ல இருந்துதா இல்லியா, அத மட்டும் சொல்லும்மா" என்றார்.

நான் போய் உட்கார்ந்தேன். பேக்கிங் கூடத்தில் அந்த பெல்ட்டுக்கு மேலே இருப்பது ஏழாம் நம்பர் சென்சார். புரோகிராமில் அதன் பெயர் 'பேக் ஸ்மோக் ஏழு'. முழுப் பெயரையும் கொடுத்துத் தேடினேன். முப்பது வரிகளுக்கு மேல் வந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஏழாம் நம்பர் பட்டியலில் இருந்தது, ஆன் என்று இருந்தது, புகை வந்தால் சைரனைக் கூப்பிடு என்று இருந்தது. எங்கேயும் ஓட்டையில்லை. நடுவில் காபி வந்தது, குடித்தேன். ஆறுவதற்குள் முடித்துவிட்டேன்.

"ஆன்லதான் சார் இருக்கு. சைரன் அடிச்சிருக்கும்" என்றேன்.

"அடிச்சிருக்கும்" என்ற அந்த ஒரு சொல்லை நான் சொல்லியிருக்கவே வேண்டாம். அவர் கேட்டது ஆன்ல இருந்ததா என்று மட்டும்தான். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேசுவது என் சுபாவம். விசாரணை அறிக்கையில் அது 'சைரன் ஒலித்தது மென்பொருள் பிரிவால் உறுதி செய்யப்பட்டது' என்று ஏறியது. அண்ணனைச் சஸ்பெண்ட் செய்தார்கள்.

அன்று சாயங்காலம் கேட்டுக்கு வெளியே எனக்காக நின்றுகொண்டிருந்தார். யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு வேறு சட்டை போட்டிருந்தார்.

"இன்னொரு தபா பாரும்மா. ஏசு சத்தியமா சைரன் அடிக்கல. என் காது நல்லாத்தான் கீது."

எனக்குப் பரிதாபம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. என் வேலையைச் சந்தேகப்படுகிறார் என்று பட்டது. "பாத்துட்டேண்ணா. கம்ப்யூட்டர்ல இருக்கறத நான் மாத்திச் சொல்ல முடியுமா?" என்று கேட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. ரயிலைப் பிடிக்கவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஊரில் நடந்ததெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத் தெரியவந்தது. அக்காவின் வீட்டார் அவர் வீட்டாரோடு பேச்சை நிறுத்தினார்கள். கோயிலில், அதாவது அவர்கள் தேவாலயத்தில், அவர் உட்காரும் பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்ததாம். இதை அவரே சிரித்துக்கொண்டு யாரிடமோ சொன்னாராம். அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று, கேன்டீனில் அவர் பேச்சு வந்தது. அவள் தன் புதுக் குரலில், "உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான ஆவணும். பாக்காம அமுக்கிட்டு, அடிக்கலன்னு வேற சொல்றான்" என்றாள். நான் அடுத்த மேஜையில் உட்கார்ந்து தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தேன். அவள் சொல்வது நியாயம் என்றுதான் நானும் நினைத்தேன்.

புரட்டாசி பிறந்தது. ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது, அக்கா என் அறைக் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"மேடம், பூஜைக்கு நாங்கதான் எல்லாம் பண்றோம். போன வருசம் பண்ணீங்களே, அந்த மாதிரி சாம்பிராணிக்கு சைரன் அடிக்காம பண்ணிக் குடுத்துடுங்க. இல்லாட்டி அத்தினி பேரும் வெளிய ஓடணும், பேஜாரு."

"சரிக்கா" என்றேன். அவள் போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது. அப்போதுதான் 'போன வருசம் பண்ணீங்களே' என்றது எனக்கு உறைத்தது.

சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிற்சாலையில் ஆயுத பூஜை அன்று மிஷின் எதுவும் ஓடாது. கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, பொரி கடலை படைத்து, கேட்டில் பூசணிக்காய் உடைப்போம். பேக்கிங் கூடத்துப் பெண்கள் சாம்பிராணித் தட்டை எடுத்துக்கொண்டு மிஷின் மிஷினாகப் புகை காட்டிக்கொண்டு வருவார்கள். சென்சாருக்குச் சாம்பிராணி என்ன, நெருப்பு என்ன, எல்லாம் ஒன்றுதான். இரண்டு வருஷம் முன்னால் பூஜை நடுவில் சைரன் அடித்து, பூஜை செய்ய வந்த ஐயர் முதல் செக்யூரிட்டி வரை வெளியே ஓடி, அமர்க்களமாகிவிட்டது. அதனால் போன வருஷம் என்னை ஏதாவது செய்யச் சொன்னார்கள். செய்தேன்.

எப்படிச் செய்தேன் என்பதுதான் நினைவில் இல்லை. சென்சாரை ஆஃப் செய்யவில்லை என்பது நிச்சயம். ஆஃப் செய்திருந்தால் ஆவணியில் தேடியபோதே அகப்பட்டிருக்கும். இப்போது சொல்லை வைத்துத் தேடாமல் நாளை வைத்துத் தேடினேன். போன வருஷம் பூஜைக்கு முந்தின நாள் என்ன மாற்றம் நடந்தது என்று கேட்டேன். ஒரே ஒரு மாற்றம் வந்தது. பொது லாகின். குறிப்பில் 'டெம்ப்'.

சென்சார்கள் எல்லாம் எவ்வளவு நேரம் பொறுத்துச் சைரனை அடிக்கவேண்டும் என்று குறித்து வைக்கும் சின்னக் கோப்பு அது. யாரும் திறந்து பார்ப்பதில்லை. அதில் ஒரு வரியைச் சேர்த்திருந்தேன். பேக்கிங் கூடத்தில் பன்னிரண்டு சென்சார்கள் உண்டு. பன்னிரண்டு பெயரையும் எழுதச் சோம்பல்பட்டு, 'பேக்' என்று மட்டும் எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருந்தேன். பேக் என்று தொடங்குவது எதுவானாலும் சரி என்று அதற்கு அர்த்தம். அதற்கு நேராக இருபது நிமிஷம். புகை வந்தால் இருபது நிமிஷம் பொறு, அதற்குப் பிறகும் இருந்தால் சைரனை அடி.

அந்த வரியில் 'பேக் ஸ்மோக் ஏழு' என்ற பெயர் இல்லை. நான் முழுப் பெயரைக் கொடுத்துத் தேடினேன். இல்லாத பெயரை அது எப்படிக் காட்டும்? தேடச் சொன்னதை ஒழுங்காகத் தேடிக் கொடுத்தது. அக்கா மூட்டைகளுக்குப் பின்னால் புகையில் கிடந்தது பத்துப் பன்னிரண்டு நிமிஷம். சைரன் அடிக்க இன்னும் நேரம் இருந்தது.

போன வருஷத்துப் பூஜை மத்தியானம் முழுசாக ஞாபகம் வந்தது. மானிட்டருக்கு யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள், கீபோர்டில் விபூதி சிந்தியிருந்தது. பூஜை முடிந்ததும் இந்த வரியை எடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, நான்கு நாள் லீவு சேர்ந்து வருகிறதே என்று ரயிலுக்கு ஓடினேன். அதற்குப் பிறகு மாதாமாதம் சேஃப்டிக்காரர் வந்து சோதனைப் பொத்தானை அமுக்குவார், சைரன் ஜோராக அடிக்கும், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். சைரன் சரியாக இருக்கிறதா என்றுதான் அவர் பார்த்தார். புகை வந்தால் அது எப்போது விழிக்கும் என்பதை யாரும் பார்க்கவில்லை.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் என் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது.

மேனேஜரிடம் போனேன். போகும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். "சார், ஒரு வரி இருக்கு. பேக்கிங் ஹால்ல சைரன் இருபது நிமிஷம் லேட்டாகிற மாதிரி" என்று ஆரம்பித்தேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரு போட்டது?"

"பொது லாகின் சார்" என்றேன். அதுவரை உண்மை. பிறகு, "யாருன்னு தெரியல" என்றேன்.

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததை நானே கேட்டேன்.

"போன வருசம் வேலய உட்டுட்டுப் போனானே ஒருத்தன், அவன்தான் பண்ணியிருப்பான்" என்றார் மேனேஜர். கீழே வைத்த பேனாவை மூடினார். "இதப் பாரும்மா. அந்த ஆளு தப்ப ஒத்துக்கினு எழுதிக் குடுத்துட்டா வேலய திருப்பிக் குடுத்துடலாம்னு பேசிட்டோம். அவர் ஊட்லயும் சரின்னுட்டாங்க. எல்லாம் சுமுகமா முடியற நேரம். நீ அந்த வரிய எடுத்துட்டு வேலயப் பாரு. இத மறுபடியும் கிளறி யாருக்கு இன்னா லாபம்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்கிறார், சோறும் அவரே போடுகிறார். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். நான்கு நாள் அப்படியே இருந்தேன். வரியைக்கூட எடுக்கவில்லை. எடுத்தால் எடுத்த தேதி பதிவாகும், யாராவது ஏன் என்று கேட்பார்கள் என்ற பயம். மூட்டைகளுக்குப் பின்னால் மறுபடி ஒருத்தி படுத்திருக்கலாம் என்று தெரிந்தும் எடுக்கவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது. அக்கா தாழ்வாரத்தில் எதிரே வந்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வேலையை விட்டுப் போனவனை நினைத்துப் பார்த்தேன். நல்ல பையன். எங்கேயோ பெங்களூரில் இருக்கிறான், அவனுக்கு இது தெரியவே போவதில்லை. யாருக்கும் நஷ்டமில்லை என்றுகூட ஒரு சமயம் தோன்றியது.

ஐந்தாம் நாள் காலை ரயிலில், கவரைப்பேட்டையில் அண்ணன் ஏறினார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பிளாஸ்டிக் ஃபைல். எனக்கு எதிரே இடம் காலியாக இருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் தயங்கினார், பிறகு உட்கார்ந்தார். இளைத்திருந்தார்.

"இன்னிக்கு கையெழுத்து போட்டுட்டு வந்துடலாம்னு போறேன் மேடம்" என்றார். கோபமே இல்லை. "அமுக்குனது நான்தான்னு எழுதிக் குடுத்துட்டா வேல குடுக்கறாங்களாம்."

"நீங்க அமுக்கலன்னு சொன்னீங்களே?" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

"சொன்னேன்தான்." அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கழனிகளில் நாற்று விட்டிருந்தார்கள். "ஆனா இத்தினி நாளா ஊட்லயே குந்திக்கினு யோசிச்சிப் பாத்தேன் மேடம். ஒருவேள நானே அமுக்கிட்டனோன்னு தோணுது. சாப்டுகினே கை தானா போயிருக்கும். கைப்பழக்கம்தான? அடிச்சதும் ஞாபகமில்ல, அமுக்குனதும் ஞாபகமில்ல. நீங்க பாத்துச் சொல்லிட்டீங்க, கம்ப்யூட்டர் இன்னா பொய்யா சொல்லும்? அந்தப் பொண்ண நானே கொன்னிருப்பேன். அது இன்னான்னா நான் வேல வாங்கிக் குடுத்த பொண்ணு."

நான் சொன்ன ஒரு சொல்லுக்காக அவர் தன் காதையே நம்பாமல் போய்விட்டார். வேலை போனதைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை. கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே ஸ்டேஷன் கிடையாது. இறங்கி ஓடுவதற்கு வழியில்லை.

"அண்ணா, சைரன் அடிக்கல" என்றேன். "அடிச்சிருக்கவே முடியாது. போன வருஷம் பூஜைக்கு சாம்பிராணிக்காக நான் ஒரு வரி போட்டேன். எடுக்க மறந்துட்டேன். நீங்க எதையும் அமுக்கல. கையெழுத்து போடாதீங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பேப்பரை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"உனுக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டார். மேடம் போய்விட்டது.

"நாலு நாளா."

அவர் ஃபைலை மடியில் வைத்து அதன் மூலையைத் தடவிக்கொண்டே இருந்தார். ரயில் வேகம் குறைந்து பிளாட்பாரம் வந்தபோது எழுந்தார். "கேட்டாண்ட நின்னு இன்னொரு தபா பாருன்னு கேட்டேனேம்மா" என்றார். அவ்வளவுதான். இறங்கி முன்னால் நடந்தார்.

நான் பின்னாலேயே நடந்தேன். விசாரணை நடக்கும் அறைக்குள் அவர் நுழைந்ததும், கேட்காமல் நானும் நுழைந்தேன். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் 'வேண்டாம்' என்று இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டுப் போன பையன் இல்லை, நான்தான் என்றும் சொன்னேன். "தெரியல" என்று மேனேஜரிடம் சொன்னது பொய் என்றும் சொன்னேன். அறையில் இருந்த ஒருவர், "லாகின்ல பேர் இல்லியே, நீங்கதான்னு எப்பிடிச் சொல்றீங்க?" என்று கேட்டார். அவருக்கு அது சந்தேகமாகவே பட்டது. யாரும் கேட்காத குற்றத்தை ஒருத்தி ஏன் வலிய வந்து தலையில் போட்டுக்கொள்ளவேண்டும்? எனக்கு அழுகை வந்தது. "எழுதின கைக்குத் தெரியாதா சார்" என்றேன்.

வெளியே வந்ததும் அந்த வரியை எடுத்தேன். பொது லாகினை விட்டு, என் பெயரில் நுழைந்தேன். எங்கள் கிட்டில் ஒரு மனிதரின் பெயரோடு பதிவான முதல் மாற்றம் அதுதான். குறிப்பு எழுதும் இடத்தில் 'டெம்ப்' என்று விரல் தானாகப் போனது. அழித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி ஆறு வரிகளில் எழுதினேன். இதுவும் இனி அழியாது, யார் தேடினாலும் வரும்.

எனக்கு மெமோ வந்தது, மூன்று மாதம் புரோகிராமில் கை வைக்கக்கூடாது என்றார்கள். வைக்கவேண்டும் என்று எனக்கும் ஆசையில்லை. அண்ணனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நோட்டீஸ் போர்டில் அவர் மேல் தவறில்லை என்று ஒரு காகிதம் ஒட்டினார்கள். பேக்கிங் பெண்கள் அதைக் கூடி நின்று படித்தார்கள். அதற்குப் பிறகு அக்கா என் அறைப் பக்கம் வரவில்லை. வழியில் பார்த்தால் ஒதுங்கி இடம் விட்டாள், அதிகாரிகளுக்கு விடுவதைப் போல. அவர்கள் இரண்டு பேரும் ஒரே ரயிலில் வருகிறார்கள் என்றும், ஆளுக்கொரு பெட்டியில் ஏறுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

பூஜை நாள் வந்தது. சாம்பிராணிக்காக எதையும் மாற்றக்கூடாது, சைரன் அடித்தால் அடிக்கட்டும் என்று மேனேஜரே சொல்லிவிட்டார். பேனல் அறைக்கும் பேக்கிங் கூடத்துக்கும் நடுவே, ஆவணிக்குப் பிறகு புதிதாக வைத்த ஒரு கண்ணாடி ஜன்னல் திறந்திருந்தது. அண்ணன் பேனலைத் துடைத்து, சிவப்புப் பொத்தானுக்கும் சேர்த்துச் சந்தனம் வைத்திருந்தார். நான் கூடத்தின் கதவோரமாக நின்றேன். அக்கா சாம்பிராணித் தட்டை ஏந்திக்கொண்டு மிஷின் மிஷினாக வந்தாள். ஆவணியில் பொசுங்கிய பெல்ட் இருந்த இடத்தில் இப்போது புது பெல்ட். அங்கே வந்து தட்டை உயர்த்திக் காட்டினாள். புகை சுருண்டு மேலே போனது.

சைரன் அடித்தது.

எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். யாரும் வெளியே ஓடவில்லை. அக்கா தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். கூரையைப் பார்த்தாள், பிறகு கண்ணாடி ஜன்னலைப் பார்த்தாள். அவள் முகம் கோணியது. "அன்னிக்கும் இம்மா சத்தமா கேட்டிருக்கணும்" என்று அவள் கரகரத்த குரலில் சொன்னதை உதடசைவில்தான் புரிந்துகொண்டேன். தட்டைத் தரையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலில் பாதி உடம்பை நீட்டி, சைரனுக்கு மேலே குரலை உயர்த்தி, கூடத்தின் மறுகோடியில் நின்ற என்னைக் கூப்பிட்டார்.

"மேடம்! அடிக்குது! உங்களுக்குக் கேக்குதா?"

அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"கேக்குதுண்ணா" என்றேன்.

"நிறுத்தட்டுமா? நீங்க சொன்னாத்தான் அமுக்குவேன்."

சைரன் அடித்துக்கொண்டே இருந்தது. சந்தனம் வைத்த பொத்தானுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தபடி அவர் காத்திருந்தார்.